ஒரே ஊருக்குத் திரும்பத் திரும்பப் போனவர்கள்

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழையில் தென்பெண்ணை பெருக்கெடுத்து, விழுப்புரம் மாவட்டத்தின் பல கிராமங்களை மூழ்கடித்தது. நிவாரணம் வந்து சேரவில்லை என்று இருவேல்பட்டு மக்கள் சாலை மறியலில் இறங்கினார்கள். பார்வையிட வந்த அமைச்சர் மீது சேறு வீசப்பட்டது. அன்று முழுக்கத் தொலைக்காட்சிகளில் அந்த ஊரின் பெயர் ஓடியது. பிறகு வேறு செய்திகள் வந்துவிட்டன.

பொருளாதார ஆய்வாளர்களுக்கு இருவேல்பட்டு நூறாண்டுக்கும் மேலாகத் தெரிந்த ஊர். 1916-ல் தொடங்கி, ஏறத்தாழத் தலைமுறைக்கு ஒரு முறை யாராவது ஒரு ஆய்வுக் குழு அங்கே போய், வீடு வீடாகக் கேட்டு எழுதியிருக்கிறது. நிலம் யார் பெயரில் இருக்கிறது, கூலி எவ்வளவு, கடன் யாரிடம், எந்தச் சாதியார் என்ன வேலை செய்கிறார்கள் என்ற விவரங்கள் இவ்வளவு நீண்ட காலத்துக்குப் பதிவாகியிருக்கும் ஊர்கள் இந்தியாவிலேயே மிகச் சில. அந்தப் பதிவைச் செய்தவர்கள் பல்கலைக்கழக ஆசிரியர்களும் மாணவர்களும்தான்.

சமூக நீதியைத் தன் அடையாளமாகச் சொல்லிக்கொள்ளும் மாநிலம் இது. அந்த நீதி எந்தத் தெரு வரை போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதைத் தொடர்ந்து அளந்துவரும் வேலையோ இதுவரை தனிமனிதர்களின் ஆர்வத்தை நம்பியே நடந்திருக்கிறது. இனியும் அப்படி விடக் கூடாது. அதை அரசும் பல்கலைக்கழகங்களும் நிலையான கடமையாக ஏற்க வேண்டும்.

வினாப்பட்டியலோடு ஊருக்குப் போன மாணவர்கள்

1915-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராகப் பொறுப்பேற்றவர் கில்பர்ட் ஸ்லேட்டர். அதற்கு முன் அவர் ஆக்ஸ்ஃபோர்டில் தொழிலாளர்களுக்காக நடத்தப்பட்ட ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். வகுப்பறையில் பாடம் நடத்துவதோடு அவர் நிற்கவில்லை. ஒரு வினாப்பட்டியலைத் தயாரித்து மாணவர்கள் கையில் கொடுத்து, அவர்களுக்குத் தெரிந்த கிராமங்களுக்கே அனுப்பினார். திருநெல்வேலிச் சீமையின் கங்கைகொண்டான், ராமநாதபுரத்து வடமலைபுரம், தஞ்சையின் பாலக்குறிச்சி, வட ஆர்க்காட்டின் தூசி, தென் ஆர்க்காட்டின் இருவேல்பட்டு ஆகியவை அப்படித்தான் ஆய்வுக்குள் வந்தன. 1918-ல் அந்த அறிக்கைகள் நூலாக வெளிவந்தன.

தென் ஆர்க்காட்டைப் பற்றிய பதிவில் படியாள் முறை வருகிறது. கல்யாணத்துக்கோ வேறு அவசரத்துக்கோ நிலக்காரரிடம் சிறு தொகை கடன் வாங்கிய உழைப்பாளி, அதை அடைக்க முடியாமல் அவருடைய வயலிலேயே காலம் முழுக்க உழைக்கிறார். கடன் அடைபடுவதே இல்லை. அப்பனுக்குப் பிறகு அது மகன் தலையில் இறங்குகிறது. நிலம் கைமாறினால் அந்த ஆளும் சேர்ந்தே கைமாறுகிறார். அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டு எழுபது ஆண்டுகளுக்கு மேல் கடந்த பிறகும் நிலைமை இதுதான் என்பதற்கு ஒரு பல்கலைக்கழக நூல் சாட்சியாக நிற்கிறது.

அந்த நூலுக்கு எல்லைகளும் உண்டு. 1916-ல் கல்லூரி வாசலை மிதிக்க முடிந்தவர்கள் பெரும்பாலும் நிலமும் சாதிச் செல்வாக்கும் உள்ள குடும்பத்துப் பிள்ளைகள். கேட்பவர் யார் வீட்டுப் பிள்ளை என்பதைப் பொறுத்துத்தான் பதிலும் வரும். சேரியில் இருந்தவர் தன் ஆண்டையின் உறவுக்காரப் பையனிடம் எவ்வளவு மனம் திறந்திருப்பார்? இந்தக் கேள்வியோடு சேர்த்துத்தான் அந்தப் பக்கங்களைப் படிக்க வேண்டும்.

மறுபடியும், மறுபடியும்

ஒரு முறை போய் எழுதினால் கிடைப்பது அந்த ஆண்டின் நிலவரம் மட்டும். திரும்பிப் போனால்தான் மாற்றம் தெரியும். 1936-37-ல் பேராசிரியர் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் ஸ்லேட்டரின் கிராமங்களை மறு ஆய்வு செய்தார்கள். அந்த நூல் 1940-ல் வந்தது. உலகப் பெருமந்தத்தில் விளைபொருள் விலை சரிந்து விவசாயிகள் கடனில் மூழ்கிய காலம் அது.

இருவேல்பட்டுக்கு 1981-ல் போனவர்கள் எஸ். குஹனும் அமெரிக்க மானிடவியலாளர் ஜோன் மென்ச்சரும். அடுத்து 2008-ல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகிய மூவரும் சென்றார்கள். ஒரு பெரிய நிலக்கிழார் குடும்பத்தின் செல்வாக்கில் பல பத்தாண்டுகள் இருந்த ஊரில், அந்தப் பிடி தளர்ந்துவிட்டதை இவர்கள் பதிவு செய்தார்கள். ஊரின் அதிகாரத்துக்கு நிலம் ஒன்றே அடிப்படை என்ற நிலை போயிருந்தது. உழைப்பாளிகள் விவசாயத்துக்கு வெளியே வேலை தேடிக்கொண்டிருந்தார்கள். தலித் குடும்பங்கள் ஒரே ஆண்டையின் வாசலில் நிற்க வேண்டிய கட்டாயத்திலிருந்து பெருமளவு விடுபட்டிருந்தன. ஆனால் அவர்கள் கைக்கு நிலம் வரவில்லை, வறுமையும் முழுதாக நீங்கவில்லை.

இந்த இரண்டு முடிவுகளையும் ஒருசேரப் பார்க்க வேண்டும். படியாள் முறையிலிருந்து விடுதலை என்பது சாதாரண மாற்றம் அல்ல. நில உடைமையில் பங்கு இல்லாமலே அந்த விடுதலை வந்தது என்பதும் சாதாரண விஷயம் அல்ல. முதலாவதை மட்டும் பேசினால் அது சாதனைப் பட்டியலாகிவிடும். இரண்டாவதை மட்டும் பேசினால் நூறாண்டுப் போராட்டங்களின் பலனை மறுப்பதாகிவிடும். இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதவைத்தது, மூன்று தலைமுறைப் பதிவுகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்த கள ஆய்வுதான்.

குஹனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவர் இந்திய ஆட்சிப் பணி அதிகாரி, தமிழக அரசின் நிதித் துறைச் செயலராக இருந்தவர். பிறகு சென்னை வளர்ச்சி ஆய்வு நிறுவனத்துக்கு வந்து ஆய்வாளரானார். யுனெஸ்கோவின் துணைத் தலைமை இயக்குநராக இருந்து ஊர் திரும்பிய மால்கம் ஆதிசேசய்யா 1971-ல் நிறுவிய நிறுவனம் அது. கஜானாவின் கணக்கு தெரிந்த ஒருவர் கூலித் தொழிலாளியின் வீட்டுக் கணக்கையும் கேட்டறிந்தால் என்ன விளையும் என்பதற்கு குஹனின் எழுத்துகள் சான்று. அமைப்புசாரா ஏழைகளுக்குச் சமூகப் பாதுகாப்பு தருவதற்கு இந்த நாட்டிடம் பணம் இல்லை என்று பலரும் சொல்லிக்கொண்டிருந்தபோது, முதியோருக்கு ஓய்வூதியம், சம்பாதிப்பவர் இறந்தால் குடும்பத்துக்கு உதவி, பிரசவ கால உதவி ஆகியவற்றை இந்தியா தாங்க முடியும் என்று செலவுக் கணக்குப் போட்டு வாதிட்டார். 1995-ல் ஒன்றிய அரசு தொடங்கிய தேசியச் சமூக உதவித் திட்டம் இதே மூன்று உதவிகளைக் கொண்டிருந்தது.

பொருளாதாரமும் நீதியும்

பொருளாதாரம் ஒரு துறை, சமூக நீதி வேறொரு துறை என்று பிரித்துப் பார்ப்பது நம் கல்விக்கூடங்களில் வழக்கமாகிவிட்டது. இந்த நாட்டின் பெரிய சிந்தனையாளர்கள் அப்படிப் பிரிக்கவில்லை. ஸ்லேட்டரின் நூல் வந்த அதே 1918-ல் அம்பேத்கர் இந்தியாவின் சிறு நில உடைமைகள் பற்றிய தன் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். அந்த ஆண்டு பம்பாய் சிடனம் கல்லூரியில் அவர் ஏற்ற பதவியே அரசியல் பொருளாதாரப் பேராசிரியர் பதவிதான். துண்டு துண்டான நிலம்தான் நோய் என்று எல்லோரும் சொன்னபோது, நிலத்தை நம்பியிருக்கும் அளவுக்கு மீறிய மக்கள் திரளுக்கு வேறு தொழில் இல்லாததே நோய், தொழில்மயமே மருந்து என்றார் அவர். சாதியைப் பற்றி அவர் பின்னாளில் எழுதிய அனைத்திலும் இந்தப் பொருளாதாரப் பயிற்சி இருக்கிறது.

தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பாவும் அம்பேத்கரைப் போலவே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் செலிக்மனிடம் படித்தவர். காந்தியின் அழைப்பில் குஜராத் போய், வித்யாபீட மாணவர்களைக் கூட்டிக்கொண்டு கேடா மாவட்டத்தின் மாதர் தாலுகாவில் வீடு வீடாகக் கணக்கெடுத்தார். நிலவரி உழவரை எப்படி நசுக்குகிறது என்பதை அந்த மக்களின் வரவு செலவைக் கொண்டே எடுத்துக்காட்டினார். 1931-ல் வெளிவந்த அந்த அறிக்கை விடுதலைப் போராட்டத்துக்கு ஒரு வாதமாயிற்று. அம்பேத்கரும் குமரப்பாவும் கிராமத்தைப் பற்றி முற்றிலும் எதிரான முடிவுகளுக்கு வந்தவர்கள். கணக்கெடுக்காமல் நீதி பேசக் கூடாது என்பதில் மட்டும் இருவரும் ஒன்றுபட்டார்கள்.

ஒரு ஊர் போதுமா?

ஒரு கிராமத்தைப் பார்த்துவிட்டு மாநிலத்தைப் பற்றிப் பேசலாமா என்ற கேள்வி நியாயமானது. பேசக் கூடாதுதான். லட்சக்கணக்கான குடும்பங்களிடம் எடுக்கப்படும் தேசிய மாதிரி ஆய்வுக்குக் கிராம ஆய்வு மாற்று ஆகாது. ஆனால் பெரிய ஆய்வு சராசரியைத்தான் சொல்லும். அந்த எண் எப்படி உருவாகிறது என்பதை ஊரில் உட்கார்ந்தால்தான் அறிய முடியும்.

கடன் பற்றிய கேள்வியை எடுத்துக்கொள்ளலாம். திண்ணையில் நாலு பேர் சுற்றி நிற்கும்போது ஒரு பெண்ணிடம் கடன் எவ்வளவு என்று கேட்டால், ஒன்றும் இல்லை என்றுதான் பதில் வரும். ஆய்வு மாணவி மறுநாளும் வந்து, கூட்டம் கலைந்த பிறகு உள்ளே உட்கார்ந்து பேசும்போதுதான் மகளிர் குழுக் கடன், நுண்கடன் நிறுவனத்தின் வாரத் தவணை, அடகுக் கடையில் இருக்கும் தோடு, மளிகைக் கடைப் பாக்கி என ஒவ்வொன்றாக வெளியே வரும். பட்டா மாமனார் பெயரில் இருப்பதும், நிலத்தை உழுவது குத்தகைக்காரர் என்பதும், வறட்சி நிவாரணம் பட்டாதாரருக்குப் போனதும் அப்போதுதான் தெரியும். இதற்கெல்லாம் அரசு வினாப்பட்டியலில் கட்டம் இருக்காது. வாரக் கணக்கில் ஊரில் தங்குபவருக்கே இது கிடைக்கும்.

ஆய்வாளர்கள்தான் நீதியைக் கொண்டுவந்தார்கள் என்று இதற்குப் பொருள் அல்ல. கீழத் தஞ்சையில் கூலி உயர்ந்தது செங்கொடி இயக்கத்தால், உயிரைக் கொடுத்துப் போராடிய மக்களால். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகே 1969-ல் நியாயக் கூலிச் சட்டமும், 1971-ல் குடியிருப்பு மனையை அதில் வாழ்பவருக்கே சொந்தமாக்கும் சட்டமும் வந்தன. அதே தஞ்சையில் 1950-களின் தொடக்கத்தில் ஆய்வு செய்த கேத்லீன் காஃப், 1976-ல் அதே கிராமங்களுக்குத் திரும்பி வந்து என்ன மாறியது, என்ன மாறவில்லை என்று எழுதினார். உரிமையைப் பெற்றுத் தருவது இயக்கத்தின் வேலை. பெற்ற உரிமை நிலைத்ததா என்று இருபது ஆண்டுகள் கழித்து வந்து பார்த்துச் சொல்வது ஆய்வாளரின் வேலை. இரண்டாவது வேலை நடக்காவிட்டால், சட்டம் போட்டதையே சாதனையாகச் சொல்லிவிட்டு நகர்வது அரசுகளுக்கு எளிதாகிவிடும்.

அரசின் சொந்தப் புள்ளிவிவரத்தைக் கேள்வி கேட்பதற்கும் இந்த ஆய்வாளர்கள் வேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கையில் விவசாயிகளின் தற்கொலைகள் ஒரு வரிசையாகக் கிடந்தன. சென்னை வளர்ச்சி ஆய்வு நிறுவனத்தின் நாகராஜ் அந்த எண்களை மாநிலவாரியாக, ஆண்டுவாரியாக எடுத்து அடுக்கினார். 1997 முதல் 2005 வரை ஏறத்தாழ ஒன்றரை லட்சம் விவசாயிகள் தற்கொலை செய்துகொண்டார்கள் என்ற உண்மை அப்போதுதான் நாட்டுக்கு உறைத்தது. மூத்த பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதை மக்களிடம் கொண்டுபோனார். யாரும் அந்தப் புள்ளிவிவரத்தை மறைத்து வைத்திருக்கவில்லை. உட்கார்ந்து கூட்டிப் பார்க்கத்தான் ஆள் இல்லாமல் இருந்தது.

இன்று புள்ளிவிவரமே வராத நிலையையும் பார்த்துவிட்டோம். 2017-18-ன் நுகர்வுச் செலவு ஆய்வு முடிவுகளை வெளியிடப்போவதில்லை என்று ஒன்றிய அரசு 2019-ல் அறிவித்தது. 2021-ல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027-க்குப் போய்விட்டது. இந்த இடைவெளியில் கிராமங்களின் உண்மை நிலையை அறிய, சுதந்திரமான கள ஆய்வுகளை விட்டால் வேறு வழி என்ன இருந்தது?

ஆய்வு மாணவரின் கையில் என்ன இருக்கிறது?

இந்த வேலையைச் செய்ய வேண்டிய நிறுவனங்கள் எப்படி இருக்கின்றன? ஸ்லேட்டர் பாடம் நடத்திய சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை 2024-ல் வருமான வரித் துறை முடக்கியது. ஆளுநருக்கும் மாநில அரசுக்கும் இடையிலான இழுபறியில் பல பல்கலைக்கழகங்கள் துணைவேந்தர் இல்லாமல் நடந்தன. நிரந்தர ஆசிரியர் பணியிடங்கள் ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடக்கின்றன. அரசுக் கலைக் கல்லூரிகளின் கௌரவ விரிவுரையாளர்களுக்கு 2023-ல் உயர்த்தப்பட்ட பிறகும் கிடைத்த ஊதியம் மாதம் 25,000 ரூபாய். பல்கலைக்கழக மானியக் குழு 2019-லேயே சொன்ன உச்சவரம்பு 50,000. அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்று தெரியாதவரிடம், பத்தாண்டு கழித்து அதே ஊருக்குத் திரும்பிப் போக வேண்டிய ஆய்வை எதிர்பார்க்க முடியுமா?

ஆய்வு மாணவர்களின் நிலை இன்னும் மோசம். தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறும் சிலருக்கு மாதம் 37,000 ரூபாய். அது இல்லாமல் மத்தியப் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்ட ஆய்வு செய்பவருக்கு வெறும் 8,000 ரூபாய். சிறுபான்மையின மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகை 2022-ல் நிறுத்தப்பட்டது. ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவர் ரோஹித் வெமுலா 2016 ஜனவரியில் உயிரை மாய்த்துக்கொண்டபோது, பல மாதங்களாக அவருக்கு உதவித்தொகை வரவில்லை. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு உதவித்தொகை என்பது ஆய்வுக்கான செலவு மட்டும் அல்ல. அதில் ஒரு பங்கு வீட்டுக்குப் போகிறது. அது தாமதமானால் முதலில் நிற்பது கள ஆய்வுதான். நூலகத்தில் இருந்தே எழுதிவிடக்கூடிய தலைப்புக்கு மாணவர் மாறிவிடுகிறார்.

இதையெல்லாம் விடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. 1916-ல் கேள்வி கேட்டவர்கள் நிலக்காரர் வீட்டுப் பிள்ளைகள். இடஒதுக்கீட்டாலும் விடுதிகளாலும் சத்துணவாலும் இன்று பல்கலைக்கழகத்துக்கு வந்திருப்பவர்களில் படியாட்களின் கொள்ளுப்பேரன்கள், பேத்திகள் இருக்கிறார்கள். அவர்கள் வினாப்பட்டியலை எழுதினால் கேள்விகளே மாறும். இரட்டைக் குவளை, கோயில் நுழைவு, சுடுகாட்டுப் பாதை, ஊராட்சித் தலைவரின் நாற்காலி, பஞ்சமி நிலம் யார் கையில் இருக்கிறது என்பவை எல்லாம் கூலி, கடன் கணக்கோடு ஒரே தாளில் இடம்பெறும். நூறாண்டாகக் காத்திருந்த ஆய்வாளர்கள் வந்து சேர்ந்திருக்கும் இந்த நேரத்தில், அவர்களுக்குப் பேருந்துக் கட்டணமும் நிரந்தர வேலையும் தர மறுக்கும் பல்கலைக்கழகம் தன் பணியையே கைவிடுகிறது.

செய்ய வேண்டியவை

தமிழக அரசு இதைச் சரிசெய்ய முடியும். பெரும் செலவும் ஆகாது. மாநிலத்தின் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் பகுதியில் மூன்று கிராமங்களையும் ஒரு நகர்ப்புறக் குடியிருப்பையும் நிரந்தர ஆய்வுத் தளங்களாக ஏற்க வேண்டும். ஸ்லேட்டரின் கிராமங்களில் தமிழ்நாட்டில் உள்ளவை அந்தப் பட்டியலில் முதலில் வர வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒரு முறை எல்லா வீடுகளிலும் கணக்கெடுப்பு நடக்க வேண்டும். இதற்கான நிதி, ஆட்சி மாறினாலும் நிற்காத வைப்பு நிதியாக இருக்க வேண்டும். உதவித்தொகை மாதந்தோறும் குறித்த தேதியில் மாணவரின் கணக்கில் ஏற வேண்டும். பொருளாதாரம், சமூகவியல் படிக்கும் இளநிலை மாணவர் ஒவ்வொருவரும் ஒரு பருவத்தில் சில வாரங்களாவது களத்தில் இருப்பதைப் பாடத்திட்டமே கட்டாயமாக்க வேண்டும்.

முடிவுகள் தமிழில் வர வேண்டும். இருவேல்பட்டைப் பற்றிய முதன்மையான ஆய்வுகள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. தங்கள் தாத்தாக்களின் கடன் கணக்கு வரை பதிவாகியிருக்கும் ஒரு நூலை அந்த ஊர்க்காரர்களே படிக்க முடியாமல் இருப்பது நியாயம் இல்லை. ஒவ்வொரு ஆய்வின் சுருக்கத்தையும் தனிநபர் விவரங்களை நீக்கிவிட்டுக் கிராம சபையில் வாசிக்க வேண்டும். தவறு இருந்தால் அங்கேயே மக்கள் திருத்துவார்கள்.

இவை அனைத்துக்கும் மேலாக, ஆய்வு முடிவு ஆட்சியில் இருப்பவருக்குப் பிடிக்காமல் போகலாம் என்பதை அரசு முன்கூட்டியே ஏற்றுக்கொள்ள வேண்டும். 2023-ல் ஹரியாணாவின் அசோகா பல்கலைக்கழகத்தில், மக்களவைத் தேர்தல் பற்றிய ஓர் ஆய்வுக் கட்டுரை சர்ச்சையானதும் அதை எழுதிய பொருளாதார ஆசிரியர் பதவி விலக நேர்ந்தது. ஆய்வுக்குப் பதில் ஆய்வாகத்தான் இருக்க வேண்டும். ஒன்றியத்தில் நடப்பதைக் கண்டிக்கும் தமிழ்நாடு, தன் சாதனைகளைக் கேள்வி கேட்கும் ஆய்வாளருக்கும் அதே பாதுகாப்பைத் தந்தாக வேண்டும்.

ஆய்வு மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆய்விதழ்ப் புள்ளிகளுக்கான ஓட்டத்துக்கு நடுவிலும், உங்கள் சொந்த ஒன்றியத்தில் ஒரு ஊரைத் தேர்ந்தெடுங்கள். வீடு வீடாகக் கேட்டு எழுதுங்கள். தாள்களைப் பத்திரப்படுத்துங்கள். இன்னொரு தலைமுறை அங்கே திரும்பிப் போகும்போது, ஒப்பிட்டுப் பார்க்க அவர்களுக்கு உங்கள் கணக்கு வேண்டும். சமூக நீதி எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று இந்த மாநிலம் நேர்மையாகச் சொல்ல, அதை விட்டால் வேறு ஆதாரம் இல்லை.